தொட்டி வாயில் உட்கார்ந்த அக்கா

என் அக்காவைப் பற்றி எங்கள் காகித ஆலையின் பழைய கோப்பு ஒன்றில் இரண்டு வரிகள் இருக்கின்றன. கண்காணிப்பில் இருந்த பெண் தொழிலாளி கயிற்றை இழுத்துப் பார்க்காமலேயே பார்த்ததாகக் குறித்திருக்கிறார் என்பது முதல் வரி. இந்தப் பொறுப்பில் பெண்களை வைப்பது உசிதமல்ல என்பது இரண்டாவது. இரண்டும் பொய். முதல் பொய்யைச் சொன்னவன் நான். இரண்டாவது அதற்குப் பிறந்த குட்டி. பதினாறு வருஷமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டேன், தூங்கினேன், பேரப்பிள்ளைகளுக்கு நீதிக்கதைகூடச் சொன்னேன்.

நான் தொட்டி ஆள். காகிதக் கூழ் தேங்கும் தொட்டிகளை ஆலை நிற்கும் நாளில் கழுவி எடுப்பது என் வேலை. தொட்டி என்றதும் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற தொட்டியை நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாடி ஆழம். மேலே ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்குகிற அளவுக்கு ஒரு வட்ட வாய். அதிலிருந்து கீழே வரை இரும்பு ஏணி. உள்ளே நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதன் ஓரத்தில் ஒருவர் நுழைகிற இடைவெளி. அடியில் முழங்கால் அளவுக்குக் கூழ் படிந்திருக்கும். இரண்டு நாள் கிளறாமல் விட்டால் அழுகி, விஷக்காற்று விடும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். வாடை வருகிற வரைக்கும் பயமில்லை. காற்று கெட்டியானால் மூக்கு மரத்து, வாடை நின்றுபோகும். புதிதாக வந்தவன் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுவான்.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. வேலையில் இறந்தவர்களின் பெயர்கள். நான் சேர்ந்தபோது ஏழு, ஓய்வு பெற்றபோது ஒன்பது. எல்லாமே ஆண்கள். பெண்கள் முந்நூறு பேர் காகிதம் பிரித்து, எண்ணி, அடுக்கி அதே ஆலையில்தான் வேலை செய்தார்கள். அவர்களுக்கு முதுகு போனது, கண் போனது, இருமல் வந்தது. அதற்கெல்லாம் பலகை கிடையாது. அந்த ஒன்பதில் மூன்று பேர் விழுந்தவனைத் தூக்க இறங்கியவர்கள். ஒருவன் விழுந்தால் யோசிக்காமல் அடுத்தவன் குதிப்பான், அவன் பின்னாலேயே இன்னொருவன். எங்களுக்கு அது பெருமை. உள்ளுக்குள் உதறினாலும் தலையைச் சுற்றுகிறது என்று ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் காகிதம் எண்ணுகிற பக்கம் அனுப்பிவிடுவார்கள், அங்கே பெண்களோடு உட்கார வேண்டும் என்ற பயம்.

எட்டாவது பெயர் என் அக்கா புருஷனுடையது. மாமா ஒரு காலை வேளையில் தனியாக இறங்கினார். மேலே யாரும் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மதியம் சாப்பாட்டு மணி அடித்து அவர் வராதபோதுதான் தேடினார்கள். நானும் அந்த ஆலையில்தான் அடுத்த கொட்டகையில் இருந்தேன், நானும் டீ என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. பெண் பிள்ளைகள் இரண்டு.

இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவது ஆலையின் வழக்கம். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

“ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலை இருக்கும்மா. மின்விசிறிக்குக் கீழ இருந்துக்கலாம்” என்றார்.

“அவரு பாத்த வேலையைக் குடுங்க சார்.”

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தொட்டியில பொம்பளையை இறக்கச் சொல்றியா? உனக்கு ஏதாச்சும் ஆனா யாரும்மா பதில் சொல்றது?”

“அவருக்கு ஆனப்போ யாரு சார் பதில் சொன்னாங்க?”

எனக்குக் கோபம், பயம், பெருமை மூன்றும் ஒன்றாக வந்தன. அக்கா குரலை உயர்த்தவில்லை. “உள்ள விடலைன்னா போகுது. அந்த வாயில ஒரு ஆள் உக்காந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. நான் உக்கார்றேன்” என்றாள்.

இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அவள் தினமும் போய் வாசலில் குத்துக்கல் மாதிரி நின்றாள். கடைசியில் அந்த உத்தியோகம் அவளுக்காகவே உண்டானது. ஒரு முக்காலி, ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அவள் கையில். காற்று தள்ளும் எந்திரத்தின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் கயிற்றை ஒரு முறை இழுப்பாள். உள்ளே இருப்பவன் இரண்டு முறை இழுக்க வேண்டும். பதில் வராவிட்டால் விசில். முகமூடியும் தூக்குக் கருவியுமாக நான்கு பேர் ஓடி வருவார்கள். என்ன ஆனாலும் அவள் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது. அந்தக் கடைசி விதியை எழுதச் சொன்னதே அவள்தான்.

ஆலையில் அவளுக்குக் கயித்தக்கா என்று பேர் வந்தது. கிண்டலுக்கும் பஞ்சமில்லை. என் ஜோடி ஆள் ஒருவன், மீசை என்று கூப்பிடுவோம், அதில் கெட்டிக்காரன். மீசை என்றால் சாதாரண மீசை கிடையாது, இரண்டு கன்னத்தையும் தாண்டி நிற்கும். ஆலை கொடுத்த முகமூடி அவன் முகத்தில் உட்காரவே உட்காராது. மழித்துக்கொள் என்று சொன்ன அதிகாரியிடம், “முகமூடியைப் பெருசா செய்யச் சொல்லுங்க சார்” என்றவன்.

“என்னக்கா, தூண்டில் போட்டு உக்காந்திருக்கீங்க. ஏதாச்சும் மாட்டுச்சா?” என்று இறங்கும்போதெல்லாம் கேட்பான்.

“மாட்டுச்சு. மீசை வெச்ச கெளுத்தி ஒண்ணு. கொழம்புக்கு ஆகாது.”

அவன் சிரித்துக்கொண்டே இறங்குவான். அவள் நோட்டில் நேரத்தைக் குறிப்பாள். பதிமூன்று வருஷம் அப்படி உட்கார்ந்தாள். பதிமூன்று வருஷத்தில் பலகையில் ஒரு பெயர் ஏறவில்லை.

இனி என் கதை. இடுப்பில் கயிற்றோடு மண்வெட்டி பிடிப்பது நரகம். தடுப்புச் சுவரில் மாட்டும், காலைச் சுற்றும், கூழில் ஊறிக் கனக்கும். இதைத்தான் நாங்கள் வெளியில் சொல்வோம். உண்மை வேறு. மேலே ஒரு பொம்பளை உட்கார்ந்து ஆட்டைக் கட்டிப் போட்ட மாதிரி நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்ற கடுப்பு. அவள் என் கூடப் பிறந்தவள் என்பதால் எனக்கு இரண்டு மடங்கு. ஒரு நாள் நான்தான் யோசனை சொன்னேன். உள்ளே இறங்கியதும் இரண்டு கயிற்றையும் அவிழ்த்து ஏணியின் கடைசிப் படியில் கட்டிவிடுவோம். ஏணிக்குப் பக்கத்தில் யார் வேலை செய்கிறானோ அவன் இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்துவிடட்டும். மீசை என் முதுகில் தட்டினான். ஒரு மாதத்தில் தொட்டி ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள்.

பதிமூன்றாம் வருஷக் கோடையில் ஒரு நாள் நானும் மீசையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று புகையிலை போட்டுக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தோம். கயிற்றைப் பார்க்க ஆள் இல்லை. மேலே விசில் அலறியது. நான்கு பேர் முகமூடியோடு ஓடி வந்தார்கள், மேனேஜர் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு வந்தார். நாங்கள் கயிறுகளை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி வந்து ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

“கயிறு இழுத்தீங்களா?” என்று மேனேஜர் கேட்டார். “இழுத்தோமே சார்” என்றான் மீசை. நான் தலையை ஆட்டினேன்.

“பயமா இருந்தா வீட்டுல இருந்துக்கம்மா” என்றார் அவர் அக்காவிடம். “இன்னொரு தடவை சும்மா விசில் ஊதினா இந்த உத்தியோகத்தையே எடுத்துடுவேன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதினாள். ஒரு வாரம் ஆலையில் எவன் எதிரில் வந்தாலும் வாயில் விசில் அடித்துக்கொண்டு போனான்.

மூன்று மாதம் கழித்து எந்திரத்தில் ஏதோ பழுதாகி ஆலை மூன்று நாள் சேர்ந்தாற்போல் நின்றது. நான்காம் நாள் காலை நானும் மீசையும் இறங்கினோம். கயிறுகளை ஏணிப் படியில் கட்டினோம். காற்று தள்ளும் குழாய் ஏணிப் பக்கம் வரைக்கும்தான் எட்டியது. அந்தப் பக்கம் நான் நின்றேன், தடுப்புக்கு அப்பால் மீசை போனான். எப்போதும் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம், சீட்டுக்கூடப் போடவில்லை.

கயிறு அசைந்தது. என் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன், அவன் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். மறுபடி அசைந்தது. மறுபடி இழுத்தேன். மூன்றாம் தடவையும் இழுத்தேன். ஒரு தடவைகூடத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது அது. அதற்கப்புறம், கூழை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லலாமென்று இடைவெளியில் தலையை நீட்டினேன். மீசை கூழில் குப்புறக் கிடந்தான்.

அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். என் கண் இருண்டது. எப்படியோ ஏணிக்கு வந்து கயிறுகளைப் பைத்தியம் மாதிரி பிடித்து இழுத்தேன். விசில் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் அந்த வட்டத்தில் அக்காவின் முகம்.

“மேல ஏறுடா” என்று வட்டத்துக்குள் தலையை விட்டுக் கத்தினாள். “அவனை விடு. நீ ஏறு.”

ஏறினேன். அவனை முகமூடிக்காரர்கள் எடுத்து வந்தார்கள். அவர்களும் தொட்டி ஆட்கள்தான், ஏணிப் படியில் கட்டியிருந்த கயிறுகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே கிடத்தியபோது மீசையெல்லாம் வெள்ளைக் கூழ். அவன் மனைவி காகிதம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து ஓடி வந்து முந்தானையால் முதலில் அதைத்தான் துடைத்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே உயிர் போயிருக்கிறது என்று மருத்துவர் எழுதியிருந்தார். அந்த அரைமணியில் மூன்று தடவை இரண்டு கயிற்றிலும் பதில் வந்ததாக அக்காவின் நோட்டு சொன்னது. என்னைக் கேட்டார்கள்.

“ரெண்டு பேரும் இடுப்புல கயிறு கட்டியிருந்தீங்களா?”

“கட்டியிருந்தோம் சார்.”

“மேலேயிருந்து இழுத்தாங்களா?”

அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். அது பெரிதில்லை. வெளியே மரத்தடியில் மீசையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் புருஷன் செத்துக் கிடந்தபோது அவனுக்குப் பதிலாக நீ இழுத்தாயா என்று அவள் கேட்பாளே, அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. தொட்டிக்குள் இறங்க அஞ்சாத வீரன் ஒரு கேள்விக்கு அஞ்சினேன்.

“இழுத்த மாதிரி எனக்குத் தெரியலை சார்” என்றேன்.

அடுத்து அக்காவைக் கேட்டார்கள். “இழுத்தேன். பதில் வந்துச்சு” என்றாள்.

“செத்தவர் கயித்துலயுமா?”

“அதுலயும் வந்துச்சு.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவள் அந்த இரண்டு பதிலுக்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. கோப்பில் அந்த இரண்டு வரிகள் ஏறின.

அக்காவைக் கையுறையும் பூட்ஸும் கழுவுகிற அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை ஏழு வருஷம் அங்கேதான் இருந்தாள். தொட்டி வாயில் ஓர் ஆண்பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவன் அதே முக்காலியில் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டான். ஆண்களை இந்தப் பொறுப்பில் வைப்பது உசிதமல்ல என்று யாரும் எழுதவில்லை. அந்தக் குறட்டை எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

மீசையின் மனைவி அக்கா எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “இந்தம்மா தூங்கின தூக்கம் என் தாலியை அறுத்துச்சு” என்று கழுவும் அறை வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டேன். அக்கா தண்ணீர்க் குழாயை மூடாமல் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மீசை வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தேன், கூரை மாற்றிக் கொடுத்தேன், அவன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். “உங்களை மாதிரி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்” என்று அவள் சொல்லும்போதெல்லாம் கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், இரண்டாம் மாடியில் இரண்டு அறையில் அவள் மட்டும் இருக்கிறாள். ஆலையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“தொட்டிக் கண்காணிப்புக்கு எட்டுப் பொண்ணுங்களை எடுத்திருக்கோம்மா. முதல்முதல்ல அந்த வேலையைப் பாத்தது நீங்கன்னாங்க. வந்து அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.”

“என் கோப்பைப் படிச்சீங்களா?” என்றாள் அக்கா.

“படிச்சேன்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?”

“பதிமூணு வருஷம் ஒழுங்கா இழுத்தவங்க அன்னிக்கு மட்டும் ஏன் இழுக்காம இருக்கணும்? எனக்கு நம்பிக்கை வரலை. நடந்தது என்னன்னு நீங்க சொன்னா, அதைத் திருத்தி எழுதலாம்.”

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரில் தேதி தேடினேன்.

“வயசாயிடுச்சும்மா. ஒண்ணும் ஞாபகமில்ல” என்றாள் அக்கா.

அதிகாரி தன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனாள். படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் அடங்குவதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதுக் கிழவன் அழுவது பார்க்கச் சகிக்காது. ஏணிப் படி, இரண்டு கயிறு, என் ஒரு கை, விசாரணையில் சொன்னது, எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“ரெண்டும் உன் கைதான்னு எனக்கு அப்பவே தெரியும்டா” என்றாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

“மீசை இழுத்தா வெடுக்குனு சுண்டிட்டு விட்டுடுவான். நீ இழுத்துட்டு ஒரு நொடி பிடிச்சுக்குவ. வருஷக்கணக்கா பிடிச்ச கயிறு, யாரு கைன்னு தெரியாதா. நீங்க படியில கட்டிட்டு ஏமாத்துறது ஆரம்பிச்ச மாசமே தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? இன்னொரு வழி கண்டுபிடிச்சிருப்பீங்க.”

“அன்னிக்கு விசில் ஊதியிருக்கலாமே.” கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. உடனே நானே பதிலும் சொன்னேன். “மேனேஜர் மிரட்டி வெச்சிருந்தாரு. எங்களாலதான். உன் மேல தப்பே இல்லக்கா.”

“நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். ரொம்ப நாள் சொல்லிக்கிட்டேன்.” ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே வைத்திருந்தாள். “அது இல்லடா. மூணு தடவை இழுத்தேன். மூணு தடவையும் ரெண்டு கயித்துலயும் உன் கை வந்துச்சு. சரி, தம்பி இருக்கான்னு நேரத்தை எழுதிட்டு உக்காந்துட்டேன். இன்னொருத்தன் கை எங்கன்னு நான் தேடவே இல்ல.”

விசாரணையில் அவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. என்னைக் காப்பாற்ற என்று இத்தனை நாளும் ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான்.

மறுநாள் காலை அவளே என்னைக் கிளப்பினாள். அதிகாரியிடம் அப்புறம் போகலாம், முதலில் மீசை வீட்டுக்கு என்றாள். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். என் பங்கை மட்டும் சொல்வோம், அது போதும், உன் பேர் சுத்தமாகிவிடும், மற்றதை ஏன் கிளற வேண்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்றே தெரியவில்லை.

மீசையின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள், பின்னால் நின்ற அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாசல்படியிலேயே நின்று நான் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கை நிலையைப் பிடித்துக்கொண்டது. நான் பயந்த அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்தாள்.

“அப்போ நீங்க இழுத்தீங்க” என்றாள்.

“இழுத்தேன்.”

“இத்தனை வருஷம் உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே நீங்க.” அவள் இறங்கி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

அக்கா அத்தோடு விட்டிருக்கலாம். நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

“உக்காரும்மா. இன்னும் பாதி இருக்கு” என்றாள்.